உணரி எச்சரித்தால் போதுமா?

இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்து, மூச்சுத்திணறல் தணிந்து, கால் வீக்கம் வடிந்து வீடு திரும்பும் நோயாளிக்கு ஆபத்து மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுவதில்லை. வீடு திரும்பிய பிறகு வரும் முதல் மூன்று மாதங்கள் எவ்வளவு கொடியவை என்பதை இந்தியாவிலேயே தொகுக்கப்பட்ட பதிவேடுகள் காட்டுகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் இதய மருத்துவர் எஸ்.ஹரிகிருஷ்ணன் முன்னின்று நடத்திய பதிவேடு, 2013-ஆம் ஆண்டில் அந்த மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களுள் 8.5 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தனர் என்பதைவிட, ஐந்தாண்டு முடிவில் 59 விழுக்காட்டினர் உயிருடன் இல்லை என்பதே கவலைக்குரிய செய்தி. பின்னர் நாடெங்கும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைச் சேர்த்து உருவான தேசியப் பதிவேட்டில், 90 நாட்களுக்குள் 14.2 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர், இறந்திருந்தனர். அவர்களின் சராசரி வயது ஏறக்குறைய 60. மேலை நாடுகளில் இந்நோயோடு மருத்துவமனைக்கு வருவோரின் சராசரியைவிட இது பத்தாண்டளவு குறைவு.

இந்த மூன்று மாதங்களைக் கண்காணிக்க உதவக்கூடிய, உடலில் அணியும் உணரிகள், அதாவது மார்பில் ஒட்டும் பட்டைகளும் மணிக்கட்டுக் கருவிகளும் விரல் மோதிரங்களும், சந்தைக்கு வந்திருக்கின்றன. மருத்துவர் எண்ணிக்கை குறைந்த, மலையும் காடும் தொலைவும் சூழ்ந்த பகுதிகளுக்கே இவை மிகவும் ஏற்றவை என்பது இவற்றை விற்போரின் வாதம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் அதன் மேற்கெல்லையில் எழும் கல்வராயன் மலையையும் முன்னிறுத்திப் பார்த்தால், அந்த வாதத்தில் பாதி உண்மை இருப்பதும், மீதிப் பாதியை இதுவரை நடந்த ஆய்வுகளே மறுப்பதும் தெரியவரும்.

உணரி எதை உணர்கிறது என்பதை விளங்கிக்கொள்ள நோயின் போக்கை முதலில் அறிய வேண்டும். இதயச் செயலிழப்பு என்ற சொல் இதயம் நின்றுவிடுவதைக் குறிப்பதன்று. கிணற்று மோட்டாரின் இழுவிசை குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாமல் போவதைப் போல, இதயத் தசை வலுவிழந்து உறுப்புகளுக்குப் போதிய இரத்தத்தைத் தள்ள முடியாமல் திணறும் நிலையையே அது குறிக்கிறது. இரத்த ஓட்டம் குறைந்ததை உணரும் சிறுநீரகம், உடலில் நீர் குறைந்துவிட்டதாகத் தவறாகக் கணக்கிட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கத் தொடங்குகிறது. தேங்கிய நீர் முதலில் நுரையீரல் இரத்தக் குழாய்களின் அழுத்தத்தை உயர்த்தி, அடுத்து நுரையீரலுக்குள் கசிந்து, கால்களில் வீக்கமாக இறங்கி, இறுதியில் படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்குக் கொண்டுவிடுகிறது. அழுத்தம் உயரத் தொடங்குவதற்கும் நோயாளி மூச்சு முட்டி எழுந்து உட்காருவதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்கள் கழிகின்றன. உடல் எடை கூடுவது இந்த வரிசையில் பிந்தி வரும் அறிகுறி. கால் வீக்கம் அதற்கும் பிந்தியது. தலையணை ஒன்று போதாமல் இரண்டு, மூன்று வைத்துப் படுக்கும் கட்டத்தில்தான் நம் குடும்பங்கள் பெரும்பாலும் விழித்துக்கொள்கின்றன.

அந்த இரண்டு, மூன்று வார இடைவெளியைப் பிடிப்பதே உணரியின் வேலை. மார்புப் பட்டை இதயத் துடிப்பின் மின்னலைகளையும் மூச்சின் வேகத்தையும் உடல் அசைவையும் படுக்கும் கோணத்தையும் ஒருசேரப் பதிகிறது. சில பட்டைகள் மிக மெல்லிய மின்னோட்டத்தை மார்பின் ஊடே செலுத்தி, நீர் கூடக்கூட மின்தடை குறைவதை அளக்கின்றன. வேறு சில வானொலி அலைகளை நுரையீரலுக்குள் அனுப்பி, அவை திரும்பும் விதத்தைக் கொண்டு நீரின் அளவைக் கணிக்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான நான்கு மருத்துவமனைகளில் 100 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2020-இல் வெளியான 'லிங்க்-எச்எஃப்' ஆய்வில், இத்தகைய பட்டையும் அதன் கணிப்பு முறையும் மறுசேர்க்கைக்குச் சராசரியாக ஆறரை நாட்களுக்கு முன்பே எச்சரிக்கை எழுப்பின. ஆயினும் அந்த நூறு பேரில் 98 விழுக்காட்டினர் ஆண்கள். நம் தேசியப் பதிவேட்டிலோ பெண்கள் 31 விழுக்காடு. ஓர் அமெரிக்கப் படைவீரரின் ஓய்வுக்கால நடமாட்டத்தைக் கற்றுக்கொண்ட கணிப்பு முறை, சாமை வயலில் குனிந்து களையெடுக்கும் மலைப்பெண்ணின் மூச்சிரைப்பை எவ்வாறு புரிந்துகொள்ளும் என்பதை இங்கே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

முன்னறிதல் என்பது ஒன்று. முன்னறிந்ததால் உயிர் பிழைத்தல் என்பது வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடையிலான தொலைவை மூன்று பெரிய ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. 2010-இல் வெளியான அமெரிக்காவின் 'டெலி-எச்எஃப்' ஆய்வில், 1,653 நோயாளிகளுள் பாதிப் பேர் நாள்தோறும் தானியங்கித் தொலைபேசிக்கு எடையையும் அறிகுறிகளையும் தெரிவித்தனர். மறுசேர்க்கையோ இறப்போ குறையவில்லை. 2016-இல் வெளியான கலிஃபோர்னியாவின் 'பீட்-எச்எஃப்' ஆய்வு, ஆறு மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 1,437 பேரில் பாதிப் பேருக்கு மின்னணுக் கருவிகளும் செவிலியரின் தொலைபேசி ஆலோசனையும் தந்தது. 180 நாட்களில் மறுசேர்க்கை குறையவில்லை. கருவியைப் பாதி நாட்களாவது பயன்படுத்தியவர்களே முதல் மாதத்தில் ஐந்தில் மூவர்தான். ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்து 2018-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'டிம்-எச்எஃப்2' ஆய்வு மட்டும் வேறு விடை சொன்னது: எதிர்பாராத மருத்துவமனைச் சேர்க்கையாலும் இறப்பாலும் இழந்த நாட்கள் ஆண்டுக்கு 24.2-இலிருந்து 17.8 ஆகக் குறைந்தன. இறப்பு விகிதமும் குறைந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை ஜெர்மானியர் புதுமை எதையும் செய்துவிடவில்லை. எடைக்கருவி, இரத்த அழுத்தமானி, இதய மின்னலைப் பதிவி, ஆக்சிஜன் அளவி ஆகியவையே அவர்கள் வீட்டுக்கு அனுப்பியவை. வேறுபாடு மறுமுனையில் இருந்தது. பெர்லின் சாரித்தே மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாக அமர்ந்திருந்த ஒரு தொலைமருத்துவ மையம், வந்த எண்களைப் பார்த்து அன்றைக்கே தொலைபேசியில் பேசி, மாத்திரையின் அளவை மாற்றி, உள்ளூர் மருத்துவருக்கும் தெரிவித்தது. ஆய்வு முடிந்து அந்தக் கவனிப்பு நிறுத்தப்பட்ட அடுத்த ஓராண்டில், இரு குழுக்களின் இறப்பு விகிதத்துக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. காத்தது கருவி என்றால் அதன் பயன் கொஞ்ச நாளேனும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காத்தது கவனிப்பு என்பதால், அது விலகியதும் பயனும் விலகியது. அந்நாடு 2020 டிசம்பரில் இத்தகைய தொலைக்கண்காணிப்பைப் பொதுக் காப்பீட்டின் கீழ்க் கொண்டுவந்தபோது, அதை மருத்துவ மையம் ஒன்றோடு பிணைத்தே ஏற்றது.

இத்துறை அமெரிக்காவில் இத்தனை வேகமாக வளர்ந்ததற்குப் பொருளியல் காரணம் ஒன்றுண்டு. வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் நோயாளிகள் அளவுக்கு மீறி மறுபடி சேர்க்கப்பட்டால், 2012 அக்டோபரிலிருந்து முதியோருக்கான அரசுக் காப்பீடு மருத்துவமனைக்குத் தரும் தொகையைக் குறைக்கத் தொடங்கியது. இதயச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் முதலிலேயே இடம்பெற்ற நோய். மறுசேர்க்கையைத் தடுக்கும் எந்தக் கருவிக்கும் அங்கே வாங்க ஆள் இருந்ததில் வியப்பில்லை. இங்கே கணக்கு தலைகீழானது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சையையே பெரிதும் மையமாகக் கொண்டது. நோயாளி மறுபடியும் சேர்ந்தால் மருத்துவமனைக்குப் பணம் வரும், சேராமல் வீட்டிலேயே நலமாக இருந்தால் எவருக்கும் எதுவும் வராது. இந்தக் கணக்கை மாற்றாமல் உணரிகளை மட்டும் இறக்குமதி செய்வது, வேறொரு நாட்டின் அபராதத்துக்குக் கண்ட மருந்தை இங்கே விழுங்குவதாகும்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, சிறுவங்கூரில் அமைந்த அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. அதுவரை பெருஞ்சிகிச்சை என்றால் சேலம், முண்டியம்பாக்கம், புதுச்சேரி என்றே இம்மக்கள் அலைந்தனர். கச்சிராயபாளையம் வழியாக வளைந்து ஏறும் சாலையின் மேலே, வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை ஒன்றியத்தில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். தமிழே பேசும் இவர்களுக்கும் கேரளத்தாருக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த இம்மலையின் மீது பொதுக்கவனம் திரும்ப, 2024 ஜூனில் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மெத்தனால் கலந்த சாராயம் காரணமாயிற்று. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து மலைமக்களின் வாழ்க்கை நிலை குறித்து வழக்கெடுத்தது. அதில் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது சாலை. வாகனம் எட்டாத குக்கிராமத்திலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்க வேண்டிய இடத்தில், ஆறரை நாட்களுக்கு முன்பே கிடைக்கும் எச்சரிக்கைக்கு நகரத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு மதிப்புண்டு என்பதே விற்பவர் வாதத்தின் உண்மையான பாதி. அந்த எச்சரிக்கை மலையை விட்டுக் கீழே இறங்குமா என்பதில்தான் வாதம் இடறுகிறது.

தொலைபேசி அலைவரிசை எட்டாத கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல ஒன்றிய அரசு 2022 ஜூலையில் 26,316 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. கோபுரம் எழுந்த ஊரிலும் மலைமடிப்பு மறைக்கும் பள்ளத்து வீடுகளில் அலைவரிசை வந்து வந்து போகும். ஆகவே நொடிக்கு நொடி தகவல் அனுப்பும் கருவி இங்கே பொருந்தாது. பதிந்ததைத் தன்னுள் சேமித்துவைத்து, அலைவரிசை கிடைத்த இடத்தில் ஒருங்கே அனுப்பும் கருவியே பொருந்தும். ஒளியைத் தோலுக்குள் செலுத்தித் துடிப்பையும் ஆக்சிஜனையும் அளக்கும் விரல் கருவிகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: ஆக்சிஜன் அளவியில் தெரியாமல் மறைந்துபோகும் ஆக்சிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. வெயிலில் உழைத்துக் கறுத்த தோல் உள்ள ஒரு மக்கள்தொகையிடம் இவற்றைச் சரிபார்க்காமல் பயன்படுத்துவது பொறுப்பற்ற செயல். வியர்வையில் பட்டை உரிவதும், பசை ஒட்டிய இடம் அரித்துப் புண்ணாவதும், மின்வெட்டில் மின்னேற்ற முடியாமல் போவதும் கருவியின் விளம்பரத் தாளில் இடம்பெறாத சங்கதிகள்.

எளிய எடைக்கருவிக்கும் இதே கவனம் தேவை. சாணம் மெழுகிய மண் தரையில் வைத்த எடைக்கருவி, ஒரு மூலை சற்றே அமிழ்ந்தாலும், ஒரே ஆளுக்குக் காலையில் ஓர் எண்ணும் மறுநாள் வேறோர் எண்ணும் காட்டும். அதன் அடியில் சமமான பலகைக்கல் ஒன்றைப் பதித்து, விடிந்ததும் சிறுநீர் கழித்த பின்பு, கஞ்சி குடிப்பதற்கு முன்பு, ஒரே மாதிரியான உடையோடு ஏறி நிற்கப் பழக்கினால், மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடுவது என்ற ஆபத்துக் குறி பிழையின்றித் தெரியும். எடை பிந்தி வரும் அறிகுறிதான். எனினும் எண்ணைப் படித்தவுடன் செவிலியர் ஒருவர் பேசினால், பிந்திய அறிகுறியும் மூச்சுத்திணறலுக்கு முந்தியதே.

பேசியபின் செய்வதற்கு மருந்து வேண்டும். நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு, அதாவது மக்கள் வழக்கில் நீர் மாத்திரை, தேக்கத்தைக் குறைக்குமே தவிர ஆயுளை நீட்டுவதாக நிறுவப்படவில்லை. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா தடுப்பிகள், சாக்குபிட்ரில்-வால்சார்ட்டான் கூட்டு மருந்து, ஸ்பைரோனோலாக்டோன், சர்க்கரை நோய்க்கென வந்து இதயத்துக்கும் உதவுவதாகத் தெரியவந்த டாபாகிளிஃப்ளோசின் ஆகிய நான்கும்தான், சுருங்கும் ஆற்றல் குறைந்த இதயத்துக்கு ஆயுள் தருபவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இலும் சாக்குபிட்ரில் கூட்டு மருந்தினுடையது 2023-இலும் இந்தியாவில் காலாவதியாகி, விலை பெரிதும் இறங்கிவிட்டது. இருந்தும் தேசியப் பதிவேட்டில், சுருங்கும் ஆற்றல் குறைந்தவர்களில் பாதிப் பேருக்குக்கூட வழிகாட்டுதலின்படியான மருந்துகள் எழுதப்படவில்லை. அவை எழுதப்படாமையும் முறையான கல்வி இல்லாமையும் இறப்போடு சேர்ந்தே காணப்பட்டன. ஆங்கிலத்தில் அச்சிட்ட டிஸ்சார்ஜ் சீட்டைப் பையில் மடித்துவைத்துக்கொண்டு மலையேறும் குடும்பத்துக்கு அந்த இரண்டாவது காரணத்தை விளக்கத் தேவையில்லை.

2022-இல் வெளியான 'ஸ்ட்ராங்-எச்எஃப்' ஆய்வு, 14 நாடுகளில் 1,078 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு, உணரி எதுவும் ஒட்டாமல், வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் மருந்துகளை முழு அளவுக்கு உயர்த்தி, அடிக்கடி நேரில் அழைத்துப் பரிசோதித்தது. ஆறு மாதத்தில் இறப்பும் மறுசேர்க்கையும் சேர்ந்து 23.3 விழுக்காட்டிலிருந்து 15.2 ஆக இறங்கியதால், ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. உணரிகளில் நல்ல முடிவு காட்டியவற்றுள் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். சில, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரிக்காதவை. பணம் ஒரு கை அளவே இருக்கும் மாவட்டம் எதை முதலில் வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டின் நல்வாய்ப்பு, வீட்டு வாசலுக்குப் போகும் கால்கள் ஏற்கெனவே இருக்கின்றன என்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் சேர்க்கிறார்கள். வயிற்றுவழி டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் அத்திட்டத்தில் வீடு தேடிப் போகின்றன. மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இருப்பில் வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்தது. மாரடைப்பில் பிழைத்தவரே சில ஆண்டுகளில் இதயச் செயலிழப்போடு திரும்பி வருகிறார். இரு பதிவேடுகளிலும் ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு மூலகாரணம் இதயத் தமனி அடைப்பு. நெடுங்காலக் குடியும் இதயத் தசையைத் தளர்த்துவதால், சாராயத்தின் நிழல் விழுந்த இம்மாவட்டத்தில் அதையும் கேட்டு எழுதுவது அவசியம். தன்னார்வலரின் ஏட்டில் இதயச் செயலிழப்புக்கென எடை, படுக்கும் நிலை, கால் வீக்கம், உப்பும் ஊறுகாயும் கருவாடும் என நான்கு கட்டங்கள் சேர்ப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

கடினமான பகுதி அதிகாரம் பற்றியது. எடை கூடியிருப்பதைத் தன்னார்வலர் காண்கிறார். நீர் மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கச் சொல்ல அவருக்கு உரிமையில்லை. கிராம சுகாதார செவிலியரும் தயங்குகிறார். மருத்துவரைப் பிடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிடுகிறது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டுத் தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், சுகாதாரப் பணியாளர் ஒருவர் நோயாளியின் பக்கத்தில் இருந்துகொண்டு பதிவுபெற்ற மருத்துவரிடம் தொலைவிலிருந்தே ஆலோசனை பெற இடமளிக்கின்றன. சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவத் துறை ஒவ்வொரு நோயாளிக்கும் 'எடை இவ்வளவு கூடினால் மாத்திரை இவ்வளவு, இரத்த அழுத்தம் இதற்குக் கீழே போனால் நிறுத்து, உடனே இந்த எண்ணுக்குப் பேசு' என்று முன்கூட்டியே தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்து, அந்த எண்ணில் விடுமுறை நாளிலும் ஒரு செவிலியர் பதில் சொல்ல ஏற்பாடு செய்வதே இம்மாவட்டத்துக்கு ஏற்ற தொலைமருத்துவ மையம். பெர்லினின் பிரம்மாண்டம் அதற்குத் தேவையில்லை.

அதன் பிறகு உணரிக்கு உரிய இடம் தானாகவே புலப்படும். ஒரே ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் சேர்ந்தவர்கள், எடையில் காட்டாமலே நுரையீரலில் நீர் கோப்பவர்கள், சாலை எட்டாத ஊரினர் ஆகியோருக்கு முதல் 90 நாட்களுக்கு மட்டும் பட்டையை ஒட்டி, அந்தக் காலம் முடிந்ததும் கழற்றிச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு மாற்றலாம். பசைப் பகுதி மட்டும் புதிதாக வேண்டும். அதற்கு முன், 2023-இன் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோரும் ஒப்புதலை, படிக்கத் தெரியாதவருக்கு வாய்மொழியாக விளக்கிப் பெற வேண்டும். இரவில் எப்போது எழுந்தார், எங்கே நடந்தார் என்பதெல்லாம் பதியும் கருவி அது. காட்டுவழி நடமாட்டம் காவல்துறையின் ஐயத்துக்கு எளிதில் ஆளாகும் ஒரு மலையில், அத்தகவல் மருத்துவமனையைத் தாண்டி எங்கும் போகாது என்ற உறுதி எழுத்தில் இருந்தாலன்றி ஒருவரும் அதை மார்பில் ஒட்டிக்கொள்ளமாட்டார்கள். ஒட்டிக்கொள்ள வேண்டியதும் இல்லை.

தன்னார்வலரும் எடைக்கருவியும் எட்டாத ஒரு கூட்டம் எஞ்சுகிறது. மழை பொய்த்த பருவத்தில் மலையாளிக் குடும்பங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் மாதக்கணக்கில் இறங்கிப் போகின்றன. இதயம் தளர்ந்த குடும்பத் தலைவரும் கூலி வேண்டிக் கூடவே போகிறார். நீர் மாத்திரை தீர்ந்தால் அங்கே வாங்கித்தர ஆளில்லை. வேலைக்கிடையே அடிக்கடி சிறுநீர் கழிக்க இடமின்மையால் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவோரும் உண்டு. உடலோடு ஒட்டிப் பயணம் செய்யும் உணரி, வேறெதனாலும் ஈடுசெய்ய முடியாத உதவியைச் செய்யக்கூடியது இவர்களுக்குத்தான். கள்ளக்குறிச்சியில் எழும் எச்சரிக்கையை ஏற்று, தோட்டத்துக்கு அருகிலுள்ள அயல் மாநில ஆரம்ப சுகாதார நிலையம் அதே நோயாளிக்கு அதே மாத்திரையைக் கொடுக்க வேண்டுமானால், மூன்று மாநிலச் சுகாதாரத் துறைகளும் ஒரே மருத்துவக் குறிப்பை ஏற்றுக்கொள்ளும் உடன்பாடு வேண்டும். உணரிக்கான ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே அந்தக் கடிதப் போக்குவரத்தைச் சென்னை தொடங்கிவிடலாம்.